மூன்றாம் வகுப்புக் காவேரி

மூன்றாம் வகுப்பு படித்தபோது எனக்குச் சொந்தமாக ஒரு தீவு இருந்தது. பரம்பரைச் சொத்து அல்ல. எங்கள் சார் சீட்டுக் குலுக்கிப் போட்டுக் கொடுத்தது.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரிந்து போகும் ஒரு சின்னத் தெருவில் எங்கள் வீடு. தெருக்கோடியில் ஓட்டுக் கட்டடத்தில் ஆரம்பப் பள்ளிக்கூடம். முதல் மணி காதில் விழுந்த பிறகு சாப்பிட உட்கார்ந்தாலும் இரண்டாம் மணிக்குள் போய்விடலாம். அவ்வளவு பக்கத்தில் இருந்ததாலோ என்னவோ, பள்ளிக்கூடத்தை நாங்கள் யாரும் பெரிதாக மதித்ததில்லை. அந்த வருஷம் புது சார் வந்த பிறகுதான் அதற்குக் கொஞ்சம் மவுசு வந்தது.

சார் பாலக்கரைக்காரர். தினமும் சைக்கிளில் காவேரிப் பாலம் தாண்டி வருவார். சட்டைக்குள் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்னச் சிலுவை ஆடும். வாத்தியார் பயிற்சி முடித்த சூடு இன்னும் ஆறாதவர். பெருக்கல் கணக்கைப் புளியங்கொட்டை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். கடிகாரம் பார்ப்பதற்கு எங்களை வட்டமாக உட்காரவைத்து, நடுவில் இரண்டு பையன்களைப் பெரிய முள், சின்ன முள் என்று படுக்கவைத்தார். சின்ன முள் அசந்து தூங்கிப்போய்விட்டதால் அன்று வெகுநேரம் பத்து மணியைத் தாண்டவே இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்த ஹெட்மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

பூகோளத்தில் எங்கள் ஜில்லாவைப் பற்றிய பாடம் வந்தது. புத்தகத்தில் இருந்த படத்தை எல்லோரும் சிலேட்டில் வரைந்தோம். என் காவேரி பின்னல் அவிழ்ந்த தலைமுடியாக வந்திருந்தது. சார் சிலேட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"இந்தக் காவேரியில எல்லாம் யாருக்கும் கால் நனையாது. நாமளே ஒண்ணு செஞ்சுடுவோம்" என்றார்.

பள்ளிக்கூடத்துக் கொல்லையில், பூவரச மரத்தடியில் வேலை ஆரம்பமானது. கொள்ளிடத்து மணலைத் தூக்குச்சட்டியிலும் பாவாடையிலும் கால்சட்டைப் பைகளிலும் கொண்டுவந்து கொட்டினோம். கரை கட்டக் களிமண். பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் செங்கல் ஜல்லி. மலைக்கோட்டைக்குத்தான் பெரும் போட்டி. இன்று ஒருவன் ஒரு கல் கொண்டுவந்தால் நாளை இன்னொருவன் அதைவிடப் பெரிய கல் கொண்டுவருவான். கடைசியில் ஒரு பெண் வீட்டுக்குத் தெரியாமல் ஆட்டுக்கல் குழவியைத் தூக்கிவந்து நிறுத்திவிட்டாள். அசல் மலைக்கோட்டைதான், போட்டி அதோடு முடிந்தது. சாயங்காலம் அவள் அம்மா வந்து மலைக்கோட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மகளைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

பிறகுதான் சீட்டுக் குலுக்கல். ஆளுக்கு ஓர் ஊர். அந்த ஊரைச் சீராக வைத்துக்கொள்வது அவரவர் பொறுப்பு. அன்றோடு எங்கள் பெயர்களெல்லாம் போயின. சார்கூட ஊரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். லால்குடிக்கு எப்போதும் மூக்கு ஒழுகும். துறையூர் சிலேட்டுக் குச்சியைத் தின்பான். முக்கொம்புக்கு வந்த பையனுக்குத்தான் ஏகப்பட்ட திமிர். மேற்கேயிருந்து வரும் ஆறு அவனிடம் வந்துதான் வடக்கே கொள்ளிடம், தெற்கே காவேரி என்று இரண்டாகப் பிரிய வேண்டும். கொள்ளிடத்தின் வாயில் ஓர் உடைந்த சிலேட்டைச் செருகி, அதுதான் ஷட்டர் என்று சார் சொல்லியிருந்தார். தண்ணீர் அதிகமானால் அதைத் தூக்கிக் கொள்ளிடத்தில் விட்டுவிட வேண்டும். அந்தப் பையன் அதைத் தொடாமலே தொட்டுக்கொண்டு நாள் முழுக்க நிற்பான்.

எனக்கு ஸ்ரீரங்கம் விழுந்தது. இரண்டு ஆறுகளுக்கும் நடுவில் என் தீவு. தீப்பெட்டிகளை அடுக்கிக் கோபுரம் வைத்தேன். புளியங்கொட்டையால் பிராகாரங்கள் சுற்றினேன். ஏழு சுற்றுக்கு இடம் போதவில்லை, நாலோடு நிறுத்திக்கொண்டேன். மீதியைப் பெருமாள் பொறுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். தீவிலிருந்து தெற்கே திருச்சிக்குப் பாலம் வேண்டுமே, அதற்கு என் மர ஸ்கேலைக் கொடுத்தேன். இரண்டு ஓட்டாஞ்சில்லுகளின் மேல் அது ஜம்மென்று உட்கார்ந்தது.

பாலம் எனக்கு அவசியமாக இருந்தது. அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். காலையில் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் ரயிலேறிக் காவேரியைத் தாண்டிப் போவார். சாயங்காலம் அதே மாதிரி திரும்பி வருவார். என் காவேரியிலும் அப்பா இருந்தார். ஒரு குன்றிமணி. காலையில் பிரேயருக்கு முன்னால் அவரை ஸ்கேல் மேல் நகர்த்திக்கொண்டுபோய்ப் பொன்மலையில் வைப்பேன். பள்ளிக்கூடம் விட்டதும் மறுபடி ஸ்கேல் வழியாக வீட்டுக்குக் கூட்டிவந்து கோபுரத்தடியில் விடுவேன். இது யாருக்கும் தெரியாது. பொன்மலைக்காரிக்கு மட்டும் தெரியும், அவளுக்கு என் இலந்தவடையில் பாதி போய்க்கொண்டிருந்தது.

எல்லாம் காய்ந்து கெட்டியானதும் தண்ணீர் விடும் நாள் வந்தது. பதினெட்டாம் பெருக்கு முடிந்திருந்த சமயம். நிஜக் காவேரியில் தண்ணீர் செக்கச்செவேலென்று போய்க்கொண்டிருந்தது. இந்த வருஷம் தண்ணீர் அதிகம் என்று பெரியவர்கள் வாசலில் நின்று பேசிக்கொண்டார்கள். ஆற்றுப் பக்கம் போனால் காலை ஒடித்துவிடுவேன் என்று அம்மா சொல்லிவைத்திருந்தாள்.

மத்தியானம் கடைசி வகுப்பு. குளித்தலையும் முசிறியும் கிணற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்துவந்தார்கள். சார் சைகை காட்டினார். முதல் குடம் மெதுவாக இறங்கி, மணலை நனைத்து, முக்கொம்பை எட்டி, காவேரிக்குள் திரும்பியது. என் தீவின் ஓரமாகத் தண்ணீர் போனபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இரண்டாவது குடமும் ஒழுங்காகப் போனது. மூன்றாவது குடத்தைக் குளித்தலையும் முசிறியும் நான் முந்தி நீ முந்தி என்று ஒரேயடியாகக் கவிழ்த்துவிட்டார்கள்.

"முக்கொம்பு, ஷட்டரத் தூக்குடா!" என்று சார் கத்தினார்.

முக்கொம்பு வாயைப் பிளந்துகொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அத்தனை தண்ணீரும் காவேரிக்குள் பாய்ந்தது. தெற்குக் கரை சரிந்தது. பிராகாரங்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. கோபுரம் தீப்பெட்டி தீப்பெட்டியாகப் பிரிந்து மிதந்தது. கடைசியில் என் ஸ்கேல் ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கல்லணைப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

வகுப்பே குதித்தது. இவ்வளவு அருமையான பாடத்தை யாரும் அதுவரை படித்ததில்லை. சாரும் சிரித்துவிட்டார். இதற்காகத்தான் கொள்ளிடம் இருக்கிறது, இப்போது புரிகிறதா என்று கேட்டார். எல்லோருக்கும் புரிந்தது. "ஸ்ரீரங்கம் போச்சு, ஸ்ரீரங்கம் போச்சு" என்று பாட்டு வேறு ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அடக்கிக்கொண்டேன். அதற்குள் மணி அடித்துவிட்டது. நாளைக்குத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம் என்று சார் எல்லோரையும் விரட்டினார்.

வீட்டுக்குப் பாதி தூரம் வந்திருப்பேன். தெருமுனையில் தண்டோரா போட்டார்கள். ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, கரையோரம் யாரும் போகக்கூடாது, தாழ்வான இடத்தில் இருப்பவர்கள் சாமான்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொண்டே தமுக்கடிக்கிறவர் எங்களைத் தாண்டிப் போனார். அப்போதுதான் எனக்குச் சுரீரென்றது. அவசரத்தில் குன்றிமணியை மறந்துவிட்டு வந்திருந்தேன். அப்பா பொன்மலையிலேயே இருக்கிறார். பாலம் இல்லை.

வீட்டில் அம்மா அரிசி மூட்டையைப் பரண்மேல் ஏற்றியிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு மோர்சாதம் பிசைந்து கொடுத்தாள். அப்பா வரும் நேரத்துக்கு ஸ்டேஷன் பக்கமிருந்து ரயில் கூவும், அதைக் கேட்டதும் அம்மா அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் வைப்பாள். அன்று ரயில் கூவவில்லை. அம்மா வாசலுக்குப் போய் நின்றாள், உள்ளே வந்தாள், மறுபடி வாசலுக்குப் போனாள்.

"அப்பா வந்துடுவாராம்மா?" என்று கேட்டேன்.

"வராம எங்க போவாரு? சும்மா தொணதொணன்னு பேசாதே" என்று எரிந்து விழுந்தாள்.

பிறகு உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, குனிந்து எதையோ தேட ஆரம்பித்தாள். அதுதான் சமயமென்று நான் நழுவினேன்.

என் கணக்கு மிகவும் தெளிவாக இருந்தது. ஆடியில் பெருமாளே அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளி, யானைமேல் புடவையும் மாலையும் வைத்துக் காவேரிக்குச் சீர் அனுப்புகிறார். வருஷா வருஷம் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஊரில் உள்ள பெண்களெல்லாம் மஞ்சளும் கருகமணியும் விட்டுக் கும்பிடுகிறார்கள். எங்கள் மூன்றாம் வகுப்பு ஒரு முழுக் காவேரியைச் செய்துவிட்டு அவளுக்கு ஒரு பூ கூடக் கொடுக்கவில்லை. கோபம் வராமல் என்ன செய்யும்? முதலில் என் ஸ்ரீரங்கத்தை முழுங்கினாள். அடுத்தது இந்த ஸ்ரீரங்கம்தான்.

பள்ளிக்கூடத்துக் கொல்லைக் கதவு சாத்தியிருந்தது. வேலிச் சந்தில் நுழைந்தேன். மரத்தடியில் நாங்கள் செய்த ஜில்லா சேறும் சகதியுமாகக் கிடந்தது. முதலில் முக்கொம்புக்குப் போய், யாரும் தொடக்கூடாத அந்தச் சிலேட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினேன். தேங்கியிருந்த தண்ணீர் களுக்கென்று கொள்ளிடத்துக்குள் ஓடியது. தீவைச் சுற்றிக் கரையை அள்ளி அள்ளி வைத்தேன். பிறகு சீர். புடவைக்குப் பதிலாக வலப் பின்னலிலிருந்த சிவப்பு ரிப்பனை அவிழ்த்தேன். வேறு என்ன இருக்கிறதென்று தேடினால் பாவாடை முடிச்சில் ஒரு கமர்கட். துரதிர்ஷ்டவசமாக அதை மத்தியானமே கொஞ்ச நேரம் சப்பிவிட்டுப் பத்திரப்படுத்தியிருந்தேன். எச்சிலைக் காவேரிக்குக் கொடுக்கலாமா என்பது பெரிய பிரச்சினையாக இருந்தது. கிணற்றடி வாளியில் முக்கி, பாவாடையில் துடைத்து, மறுபடி முக்கினேன். அவசரத்துக்கு இதுதான் முடியும் தாயே என்று வாய்விட்டுச் சொல்லி, ரிப்பனையும் கமர்கட்டையும் காவேரியில் விட்டேன்.

ஸ்கேலைத் தேடியெடுத்துப் பாலம் வைத்தபோது ஒரு பக்கம் சாய்ந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி சாய்ந்தது. அழ ஆரம்பித்துவிட்டேன்.

"யாரு, ஸ்ரீரங்கமா?"

சார் நின்றுகொண்டிருந்தார். அவர் எப்போதோ வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். சைக்கிள் வராந்தாவில் சாய்ந்திருந்தது. பாலத்தில் ஆட்களை விடவில்லையாம், போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறார். இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அப்போது எனக்கு அடி விழப்போகிறது என்பதுதான் தெரிந்தது.

"என்னம்மா பண்றே இங்க?"

"எங்கப்பா பொன்மலையில இருக்காரு சார். பாலம் நிக்க மாட்டேங்குது."

சார் சேற்றில் கிடந்த ரிப்பனைப் பார்த்தார். கமர்கட்டையும் பார்த்தார். மத்தியானம் சிரித்த மாதிரி சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் குந்தினார். நல்ல ஓட்டாஞ்சில்லாகப் பார்த்து எடுத்து ஸ்கேலுக்கு அடியில் முட்டுக் கொடுத்தார்.

"நல்லா அழுத்தி வையி. நானும் அந்தப் பக்கந்தான் போகணும்" என்றார்.

பொன்மலைச் செங்கல்லின் இடுக்கில் குன்றிமணி பத்திரமாக இருந்தது. அதை எடுத்து ஸ்கேல்மேல் மெதுவாக நகர்த்திக்கொண்டு வந்தேன். சார் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அது தீவில் இறங்கியதும் என் பிராகாரத்திலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து, அதே ஸ்கேலில் எதிர்த் திசையாக நகர்த்திக்கொண்டுபோய் அக்கரையில் வைத்தார். சாருக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று எங்களுக்கெல்லாம் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இவ்வளவு பெரியவர் எங்களோடு விளையாடுகிறாரே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு என் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தார். நாங்கள் வாசலுக்கு வந்தபோது அம்மா தெருவின் அந்தக் கோடியிலிருந்து வேகமாக வந்துகொண்டிருந்தாள். முந்தானையால் தலையை மூடியிருந்தாள். புடவைக் கரையெல்லாம் நனைந்து செம்மண் நிறமாக இருந்தது. என்னைத் தேடித்தான் அலைந்திருக்கிறாள் என்று பயந்து சாரின் பின்னால் ஒளிந்தேன். அவளோ நான் வெளியே போனதே தெரியாதவள் மாதிரி விழித்தாள்.

"வாங்க சார்" என்று தடுமாறியவள், என் கையிலிருந்த சேற்றைப் பார்த்ததும் சுதாரித்துக்கொண்டாள். "எங்கடி போனே? ஆத்துப் பக்கம் போனியா?"

"இல்லீங்க, ஸ்கூல்லதான் இருந்துச்சு. திட்டாதீங்க" என்று சார் சொன்னார்.

மாடத்தில் விளக்கு வைத்து முடிப்பதற்குள் தெருவில் பேச்சுச் சத்தம் கேட்டது. பட்டறைக்காரர்கள் கும்பலாக நடந்து வந்தார்கள். நடுவில் அப்பா. கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டிருந்தார், கையில் டிபன் கேரியர். நான் ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டேன். எண்ணெயும் இரும்பும் கலந்த அந்த வாசனையை அன்றுபோல் நான் என்றைக்கும் முகர்ந்ததில்லை. அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ரயிலக் கோட்டை ஸ்டேஷன்லயே நிறுத்திட்டாங்க. நடந்துதான் வந்தோம்" என்றார் அப்பா. "இனிமே பயமில்ல. முக்கொம்புல ஷட்டரத் தூக்கிக் கொள்ளிடத்துல விட்டுட்டாங்களாம். தண்ணி எறங்குது."

"நான்தாம்ப்பா தூக்கினேன்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். சார்தான் சிரிக்கவில்லை.

"பாலத்துல சைக்கிள விடறாங்களா?" என்று கேட்டார்.

"இப்ப விடறாங்க சார். ஓரமா பார்த்துப் போங்க. காப்பி சாப்பிட்டுட்டுப் போகலாமே?"

சார் காதில் அது விழவில்லை. பள்ளிக்கூடத்துப் பக்கம் ஓட்டமாக ஓடினார். கொஞ்ச நேரத்தில் சைக்கிள் எங்கள் வீட்டைத் தாண்டிப் பறந்தது. தெருவில் குறுக்கே யாருமே இல்லை, ஆனாலும் பெல்லை விடாமல் அடித்துக்கொண்டே போனார். அவருக்கு எதற்கு இவ்வளவு சந்தோஷம் என்று எனக்கு விளங்கவில்லை. அவருடைய புளியங்கொட்டைதான் அப்போதே அக்கரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதே.

அன்றைக்கு வீட்டில் எதற்கெடுத்தாலும் சிரிப்பாக இருந்தது. ரசத்தில் உப்பில்லை என்று அப்பா சொன்னார், அதற்கும் அம்மா சிரித்தாள். படுக்கைக்கு முன்னால் தலை வாரும்போதுதான் ஒரு ரிப்பன் குறைவதைக் கண்டுபிடித்தாள். எங்கே தொலைத்தாய் என்று கேட்டாள். முதுகில் ஒன்று விழும் என்று தெரிந்தே உண்மையைச் சொன்னேன்.

"காவேரிக்குக் குடுத்துட்டேம்மா. அப்பா வரணும்னு."

சீப்பு நின்றுவிட்டது. அடி விழவில்லை. அம்மா மறுபடி வார ஆரம்பித்தாள், எப்போதும் இழுக்கிற இழுப்பு இல்லை. மறுநாள் புது ரிப்பன் வாங்கிக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் அப்பா சாப்பிட்டுக்கொண்டே ரவிக்கைத் துண்டைப் பற்றிக் கேட்டார். மலைக்கோட்டைக்குக் கீழே கடைத்தெருவில் அலைந்து அம்மாவுக்கென்று அவர் வாங்கி வந்திருந்த கிளிப்பச்சை ரவிக்கைத் துண்டு, சிவப்புக் கரை போட்டது. அம்மா அதைத் தைக்க மனசு வராமல் பெட்டியில் வைத்துக்கொண்டு எடுத்து எடுத்துப் பார்ப்பாள். அதை டெய்லரிடம் கொடுத்தாயிற்றா என்றார் அப்பா.

"தைக்கறதுக்கு முன்னாடி நனைச்சுக் கொடியில போட்டேங்க. ஆடிக் காத்து தூக்கிட்டுப் போயிடுச்சு" என்றாள் அம்மா, சோற்றுப் பானையைப் பார்த்தபடி.

எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் துண்டைத் தேடக் கிளம்பினேன். எங்கள் கொல்லை முழுக்கத் தேடினேன். பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில் ஏறிப் பார்த்தேன். அதற்கடுத்த வீட்டுக் கூரைமேல் பச்சையாக ஏதோ தெரிந்தது, கிட்டப் போனால் பூசணி இலை. அம்மா கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேடாதே என்றும் சொல்லவில்லை, தேடு என்றும் சொல்லவில்லை. கடைசியில் உடம்பெல்லாம் முருங்கைப் பூவோடு அவளிடம் போய் நின்றேன்.

"எங்கயும் இல்லம்மா. காத்து அத ஆத்துப் பக்கமா கொண்டு போயிருக்கும்" என்றேன்.

அம்மா ஈரக் கையால் என் தலையிலிருந்த பூவைத் தட்டிவிட்டாள்.

"அப்படித்தான் இருக்கும்" என்றாள்.